பெரிய காரில் முதியவர் தேடுவது என்ன?



இன்றைய பேச்சுக்குப் பொருள் ஒரு சின்னக் கேள்வி. அமெரிக்காவில் வயதானவர்கள் ஏன் பெரிய பெரிய கார்களாகவே பார்த்து வாங்கினார்கள்? பியூக் லெசேபர், லிங்கன் டவுன் கார், மெர்க்குரி கிராண்ட் மார்க்கி, காடிலாக் டிவில். இந்தப் பெயர்களைச் சொன்னால் பல அமெரிக்கர்களுக்கு நினைவுக்கு வருவது தாத்தா வீட்டு வாசல்தான். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. பெட்ரோல் பங்குகளில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. ஜப்பானிலிருந்து சிக்கனமான சின்னக் கார்கள் வந்து குவிந்தன. பிள்ளைகள் மாறினார்கள். தாத்தாக்கள் மாறவில்லை. பாட்டிகளும் மாறவில்லை.

எவ்வளவு பெரிய கார் அது? லிங்கன் டவுன் காரின் நீளம் ஏறத்தாழ ஐந்தரை மீட்டர். எடை இரண்டு டன்னை ஒட்டி வரும். நமக்குப் பழக்கமான மாருதி 800இன் நீளம் மூன்றேகால் மீட்டருக்குச் சற்றே கூடுதல். பிள்ளைகள் எல்லாம் தனிக்குடித்தனம் போன பிறகு, வீட்டில் இருப்பதோ இரண்டு பேர். இரண்டு பேருக்கு எதற்கு அவ்வளவு பெரிய வண்டி?

அந்தஸ்துக்காக என்பது சட்டென்று வரும் பதில். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆல்ஃபிரட் ஸ்லோன் 1923இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் தலைவரானார். ஒவ்வொருவர் வருமானத்துக்கும் ஏற்ப ஒரு கார் என்று அவர் படிவரிசையே அமைத்தார். கீழ்ப்படியில் செவ்ரோலே, அதற்கு மேல் போன்டியாக், ஓல்ட்ஸ்மொபைல், பியூக், உச்சியில் காடிலாக். வேலைக்குச் சேர்ந்த புதிதில் செவ்ரோலே வாங்கியவர் பதவி உயர உயர ஒவ்வொரு படியாக ஏற வேண்டும் என்பது ஏற்பாடு. 1920களில் பிறந்த தலைமுறையை நினைத்துப் பாருங்கள். சிறுவயதில் பொருளாதாரப் பெருவீழ்ச்சி. இளமையில் உலகப் போர். அதன் பிறகு வேலை, புறநகரில் வீடு, வாசலில் கார். அவர்கள் ஓய்வு பெற்றபோது 1980களின் பிற்பகுதி. வாழ்நாள் முழுக்க உழைத்தவர் கடைசியாக ஒரு பியூக் வாங்கினார் என்றால், அவர் உழைத்து ஏறிய படி அது. அதைக் குறை சொல்ல யாருக்கு உரிமை உண்டு?

ஆனால் அந்தஸ்து மட்டும்தான் காரணம் என்றால், புது மாடல் வந்தவுடன் அவர்கள் பழையதை மாற்றியிருக்க வேண்டும். அப்படிச் செய்யவில்லையே! பத்து வருடம், பதினைந்து வருடம் அதே காரை வைத்திருந்தார்கள். இரண்டு மூன்று வருடம் ஓடிய பழைய வண்டியாகப் பார்த்து வாங்கியவர்களும் நிறையப் பேர். பெரிய அமெரிக்கக் கார்களின் மறுவிற்பனை விலை வேகமாக இறங்கிவிடும். வாங்குகிறவருக்கு அது லாபம். ஓய்வு பெற்றவர் தினமும் அலுவலகம் போய்வருவதில்லை. வருடத்துக்கு ஓடும் தூரம் குறைவு. எனவே மைலேஜ் பற்றிய கவலையும் குறைவு.

பிறகு எது அவர்களைப் பிடித்து வைத்தது? அந்தப் பதில் ஷோரூமில் கிடைக்காது, உடம்பில்தான் கிடைக்கும்.

காரின் கதவருகே போய் நின்று பார்ப்போம். எழுபத்திரண்டு வயதுப் பெண்மணி ஒருவர் சின்னக் காரில் ஏறுகிறார். முழங்கால் தேய்ந்திருக்கிறது, இடுப்பு சரியாக மடங்காது. கார் தாழ்வானது. கதவின் மேல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, ஒரு காலை உள்ளே வைத்துவிட்டுச் சீட்டை நோக்கி இறங்குகிறார். கடைசி அரையடியில் முழங்கால் தாங்காது. பொத்தென்று விழுந்துதான் உட்கார முடியும். ஏறுவதாவது பரவாயில்லை. இறங்கும்போது அதே அரையடியை உந்தி எழ வேண்டும். பிடித்துக்கொள்ள உறுதியாக எதுவும் இல்லை. ஒரு கை கதவில், ஒரு கை சீட்டின் ஓரத்தில். யாராவது கை கொடுக்க மாட்டார்களா என்று பார்க்கிறார்.

இப்போது அதே பெண்மணி லெசேபருக்கு வருகிறார். கதவு நீளமானது, அகலத் திறக்கிறது. சீட்டின் உயரம் சின்னக் கார்களைவிடக் கூடுதல். திரும்பி நின்று, காருக்கு முதுகைக் காட்டி, நாற்காலியில் உட்காருவது மாதிரி உட்காருகிறார். பிறகு இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்பிக்கொள்கிறார். முடிந்தது. முன்பக்கம் பெஞ்ச் சீட். கியர்க் கம்பி ஸ்டியரிங் தண்டிலேயே இருப்பதால் நடுவில் பெட்டி கிடையாது, இடுப்பில் எதுவும் இடிக்காது. ஓட்டுநர் பக்கம் சுவரை ஒட்டி நிறுத்திவிட்டால்கூட, சீட்டில் நகர்ந்து மறுபக்கக் கதவு வழியாக இறங்கிவிடலாம். லெசேபர் பல ஆண்டுகள் அமெரிக்காவில் அதிகம் விற்ற பெரிய சைஸ் காராக இருந்தது. அந்தச் சீட்டுக்கும் அந்த விற்பனைக்கும் தொடர்பே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அடுத்து, கைகள். பவர் ஸ்டியரிங் இல்லாத காலத்தில் பெரிய காரைத் திருப்புவது தோள்பட்டைக்கு வேலை. ஃபிரான்சிஸ் டேவிஸ் என்ற பொறியாளர் 1920களிலேயே அதற்கு வழி கண்டுபிடித்துவிட்டார். ஆனால் கடையில் விற்கும் காரில் அது வந்தது 1951இல்தான், கிரைஸ்லர் இம்பீரியலில். ஆட்டோமேட்டிக் கியர் 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் வந்தது. ஏ.சி. அதே ஆண்டு பேக்கார்டில் வந்தது. இவற்றில் எதுவும் சின்னக் காரில் முதலில் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். மூட்டுவலிக்காரருக்கு எது வேண்டுமோ அதெல்லாம் விலை உயர்ந்த பெரிய காரில்தான் முதலில் வந்தது. பல ஆண்டுகள் அங்கேயே இருந்தது. கிளட்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் ஓய்ந்தவருக்கு வேறு எங்கே போக வழி?

இனி, பயணத்தின் சுகம். இதில் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பெயர் மாரிஸ் ஆலி. ரோல்ஸ்-ராய்ஸில் இருந்துவிட்டு 1930இல் காடிலாக்கில் சேர்ந்த பொறியாளர். அன்றைய அமெரிக்கக் கார்கள் மேட்டில் ஏறி இறங்கும்போது முன்னும் பின்னும் ஆடின. பின்சீட்டில் இருந்தவருக்குக் குடலைப் புரட்டியது. ஆலி என்ன செய்தார்? ஒரு காரின் முன்னும் பின்னும் எடைகளைத் தொங்கவிட்டார். எடைகளை மாற்றினார், ஸ்பிரிங்குகளை மாற்றினார், ஓட்டினார், மறுபடி மாற்றினார். எந்த நிலையில் உள்ளே இருப்பவருக்கு இதமாக இருக்கிறது என்று உடம்பையே கருவியாக்கிப் பார்த்தார். முன் ஸ்பிரிங் பின் ஸ்பிரிங்கைவிட மெதுவாக ஆட வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. முன்சக்கரம் மேட்டை முதலில் சந்திக்கிறது. பின்சக்கரம் ஒரு கணம் தாமதித்துச் சந்திக்கிறது. பின்பக்கம் சற்று வேகமாக ஆடினால் முன்பக்கத்தை எட்டிப் பிடித்துவிடும். இரண்டும் சேர்ந்து எழும், சேர்ந்து இறங்கும். கார் தலையை ஆட்டாது. 1934 மாடல் காடிலாக்கில் முன்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் வந்ததிலும் ஆலியின் கை உண்டு.

முதுகுத்தண்டுக்கு இதனால் என்ன லாபம்? உட்கார்ந்திருக்கும் மனித உடம்பை மிகவும் வருத்துவது நொடிக்கு 4 முதல் 8 முறை மேலும் கீழும் குலுங்கும் அதிர்வு. அந்த வேகத்தில்தான் வயிறும் முதுகும் சேர்ந்து அதிரும். மென்மையான ஸ்பிரிங் போட்ட பெரிய கார் நொடிக்கு ஏறத்தாழ ஒரு முறைதான் ஆடும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே தூரம் கூடக்கூட முன்பின் ஆட்டமும் குறையும். டவுன் காரில் அந்தத் தூரம் மூன்று மீட்டர். இளைஞனுக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. முதுகு எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் வற்றிப்போனவருக்கு நூறு கிலோமீட்டர் தாண்டுவதற்குள் தெரிந்துவிடும்.

நூறு கிலோமீட்டரோடு நின்றால் பரவாயில்லையே! அமெரிக்காவில் 1956இல் அதிபர் ஐசனோவர் காலத்துச் சட்டம் 41,000 மைல் நெடுஞ்சாலைக்கு வழி செய்தது. அதில் ஒன்று இன்டர்ஸ்டேட் 75. வடக்கே கனடா எல்லையில், மிச்சிகனில் தொடங்கி, தெற்கே ஃபுளோரிடாவில் மயாமி அருகே முடிகிறது. நீளம் 1,700 மைலுக்கு மேல். ஒவ்வொரு குளிர்காலத்திலும் பனிக்குப் பயந்து, மிச்சிகன், ஒஹாயோ பக்கத்து ஓய்வூதியர்கள் இந்தச் சாலையில் தெற்கே போகிறார்கள். வசந்தத்தில் திரும்புகிறார்கள். கணவன், மனைவி, டிக்கியில் பெட்டிகள், கோல்ஃப் மட்டைகள், சில நேரம் மடக்கிய சக்கர நாற்காலி. இரண்டு மூன்று நாள் பயணம். இரண்டு பேருக்கு ஏன் அவ்வளவு பெரிய வண்டி என்று தொடக்கத்தில் கேட்டோமே, அதற்குப் பாதி விடை இந்தச் சாலையில் இருக்கிறது.

அந்தப் பயணத்தில் அவர்கள் பேசிக்கொண்டு போவார்கள். இது சின்ன விஷயமில்லை. வயதாக ஆக, காது உச்ச ஒலிகளை முதலில் இழக்கிறது. ஸ, ஷ, த போன்ற ஒலிகள் மங்குகின்றன. சுற்றிலும் இரைச்சல் இருந்தால் பேச்சு கேட்கும், சொல் புரியாது. சத்தமான சின்னக் காரில் மனைவி ஒன்று சொல்ல, கணவர் “என்ன?” என்று கேட்க, மூன்றாம் முறை மனைவி பேச்சையே விட்டுவிடுவார். ஒலித் தடுப்பு நிறைந்த பெரிய காரில் அதே இருவரும் டென்னசி மலைகளைத் தாண்டும் வரை பேசிக்கொண்டே போகலாம். ஐம்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு அந்தப் பேச்சு எவ்வளவு முக்கியம் என்று இங்கே இருக்கும் பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, பாதுகாப்பு? பெரிய கார் பத்திரமானது என்று அவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்குக் கணக்கு இருக்கிறது. 2,000 கிலோ கார் ஒன்றும் 1,000 கிலோ கார் ஒன்றும், இரண்டும் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில், நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொள்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மோதிய பிறகு இரண்டும் சேர்ந்து, பெரிய கார் வந்த திசையிலேயே ஏறக்குறைய 17 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். பெரிய காரில் இருப்பவரின் வேகம் 33 மாறுகிறது. சின்னக் காரில் இருப்பவரின் வேகம் 67 மாறுகிறது, சரியாக இரு மடங்கு. இருபத்தைந்து வயது விலா எலும்பு தாங்கும் இழுப்பை எழுபத்தைந்து வயது விலா எலும்பு தாங்காது; சீட் பெல்ட் இழுத்த இழுப்பிலேயே முறியலாம். அப்படிப்பட்டவர் கனமான காரை நாடுவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் இந்தக் கணக்குக்கு மறுபக்கம் உண்டு. அதைச் சொல்லாமல் போனால் இந்தப் பேச்சு நேர்மையானதாக இருக்காது. 2003 ஜூலை 16. கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிக்கா நகரில், தெருவை அடைத்து நடக்கும் உழவர் சந்தை. 86 வயது முதியவர் ஓட்டிவந்த 1992 மாடல் பியூக் லெசேபர் அந்தச் சந்தைக்குள் பாய்ந்தது. 10 பேர் இறந்தார்கள். 60க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலேட்டரை மிதித்ததே காரணம் என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது. எடை, உள்ளே இருப்பவரைக் காக்கிறது. வெளியே இருப்பவரை அது காக்கவே காக்காது. ஒரு விரலால் திருப்பும் ஸ்டியரிங்கும், சாலையே தெரியாத மென்மையும் ஓட்டுகிறவருக்குச் சுகம்தான். ஆனால் வேகம் கூடுகிறதா, சக்கரம் வழுக்குகிறதா என்ற செய்தியையும் அவை சேர்த்தே மறைத்துவிடுகின்றன. நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர் எந்தப் பெடலில் கால் இருக்கிறது என்பதை எப்படி உணர்வார்? நீளமான காரைப் பின்னால் எடுக்கக் கழுத்தை நன்றாகத் திருப்ப வேண்டும். வயதாக ஆகக் கழுத்தும் இறுகிவிடும். பின்பக்கக் கேமராவை அமெரிக்கா 2018இல்தான் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமாக்கியது. அதுவரை அந்தத் தாத்தாக்கள் கண்ணாடியையும் தைரியத்தையும் நம்பித்தான் பின்னால் எடுத்தார்கள்.

அப்படியானால் லைசென்ஸைப் பறித்துவிடலாமா? சொல்வது எளிது. அமெரிக்கப் புறநகர்கள் பலவற்றில் பஸ் இல்லை, நடந்து போகக் கடை இல்லை. கார் போனால் மருத்துவர் போய்விடுவார், தேவாலயம் போய்விடும், நண்பர்கள் போய்விடுவார்கள். கண்ணையும் காலையும் சோதிப்பது அவசியம், அதில் தயவு தாட்சண்யம் கூடாது. ஆனால் சாவியை வாங்கி வைத்துக்கொள்கிற சமூகம் மாற்று வழியையும் கையில் கொடுக்க வேண்டும்.

இப்போது கடலைத் தாண்டி ஜப்பானுக்குப் போவோம். உலகிலேயே முதியோர் மிகுந்த நாடுகளில் ஒன்று. அங்கே கிராமத்து முதியவர் எந்தக் கார் ஓட்டுகிறார்? கெய் எனப்படும் மிகச் சிறிய கார். நீளம் 3.4 மீட்டருக்குள், அகலம் 1.48 மீட்டருக்குள், எஞ்சின் 660 சிசிக்குள் இருக்க வேண்டும் என்பது சட்டம். டவுன் காரில் பாதிக்குச் சற்று மேல்! உடம்பு வேறா? முழங்கால் வேறா? முதுகு வேறா? எல்லாம் ஒன்றுதான். தெரு வேறு, வரி வேறு, நிறுத்துமிடம் வேறு. டொயோட்டா அமெரிக்கர்களுக்காக 1994இல் அவலான் என்ற பெரிய காரைக் கென்டக்கியில் தயாரித்தது; வேண்டுமென்றால் முன்னால் பெஞ்ச் சீட், ஆறு பேர் உட்காரலாம். அதே டொயோட்டா குழுமத்தைச் சேர்ந்த டைஹட்சு ஜப்பானிய முதியவர்களுக்குக் கெய் கார் விற்கிறது. 1993இல் சுசுகி, வேகன் ஆர் என்று ஒரு கெய் காரை உயரமாகக் கட்டியது. கூரை உயர்ந்தது, சீட் உயர்ந்தது. குனியாமல் ஏறலாம். நீளம் கூடவே இல்லை.

அதிலிருந்து என்ன தெரிகிறது? முதியவர்கள் கேட்டது உயரமான சீட், அகலமான கதவு, லேசான ஸ்டியரிங், அமைதியான உட்புறம், குலுங்காத பயணம். அமெரிக்காவில் இவை ஐந்தரை மீட்டர் இரும்போடு சேர்த்துத்தான் கிடைத்தன. வேறு வழியில்லாமல் இரும்பையும் சேர்த்து வாங்கினார்கள்.

சான்று வேண்டுமா? 2003இல் டொயோட்டா, இளைஞர்களுக்கென்றே சயான் என்ற புதுப் பெயரில் கார் விற்க வந்தது. அதில் எக்ஸ்பி என்பது பெட்டி போன்ற சின்னக் கார். நான்கு மீட்டரைத் தொடாத நீளம், உயர்ந்த கூரை, ஏற வசதியான சீட். விளம்பரம் முழுக்க இளமை. வாங்க வந்தவர்களில் பெற்றோர் வயதுக்காரர்களும் ஏராளம். பிறகு கியா சோல் என்ற பெட்டிக் காருக்கு வெள்ளெலிகள் நடனமாடும் விளம்பரம் வந்தது. அதையும் நரைத்த தலைகள் விரும்பி வாங்கின. விளம்பரத்தை அவர்கள் பொருட்படுத்தவே இல்லை. கதவைத் திறந்தார்கள், உட்கார்ந்து பார்த்தார்கள், வாங்கினார்கள்.

இதை முன்கூட்டியே புரிந்துகொண்ட பொறியாளர்களும் உண்டு. 1990களில் ஃபோர்டு நிறுவனமும் இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகமும் சேர்ந்து ஓர் உடுப்பைத் தயாரித்தன. முழங்கால், முழங்கை, கழுத்து எல்லாவற்றையும் இறுக்கிவிடும். கையுறை தொடு உணர்வைக் குறைக்கும். மஞ்சள் கண்ணாடி பார்வையை மங்கச் செய்யும். முப்பது வயது வடிவமைப்பாளர் அதைப் போட்டுக்கொண்டு காரில் ஏறி இறங்க வேண்டும். 1998இல் வந்த ஃபோர்டு ஃபோக்கஸ் அப்படி உருவானது. சின்னக் கார்தான், ஆனால் உயர்ந்த கூரை, அகலத் திறக்கும் கதவு, எட்டும் இடத்தில் பொத்தான்கள். அறுபது வயதுக் கண்ணுக்குள் போகும் வெளிச்சம் இருபது வயதுக் கண்ணுக்குப் போவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் என்பதைப் புத்தகத்தில் படிப்பது வேறு. அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஸ்பீடோமீட்டரைத் தேடிப் பார்ப்பது வேறு.

நம் ஊரிலும் இதே கதை நடந்தது. அம்பாசடரின் உயர்ந்த பெஞ்ச் சீட்டில் வேட்டி கட்டியவர் கௌரவமாக ஏறி இறங்கினார். 1998இல் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் சான்ட்ரோ தயாராகி வந்தது. அடுத்த ஆண்டே இந்திய வேகன் ஆர் வந்தது. ஓய்வு பெற்ற ஆசிரியரும் வங்கி அதிகாரியும் இந்த இரண்டையும் வாங்கியதற்கு மைலேஜ் ஒரு காரணம். புடவை தடுக்காமல் ஏற முடிந்தது இன்னொரு காரணம்.

அமெரிக்காவில் அந்தப் பெரிய கார்களின் காலம் முடிந்துவிட்டது. லெசேபர் 2005இல் நின்றது. டவுன் கார் 2011இல் நின்றது. 2020க்குப் பிறகு பியூக் அங்கே செடான் காரே விற்பதில்லை. முதியவர்கள் எங்கே போனார்கள்? பியூக்கே 2013இல் என்கோர் என்ற குட்டி எஸ்.யு.வி.யைக் கொண்டுவந்தது. நீளம் 4.3 மீட்டர்கூட இல்லை. சீட் மட்டும் சரியான உயரத்தில். சில ஆண்டுகளில் அமெரிக்காவில் அந்த நிறுவனம் அதிகம் விற்ற வண்டிகளில் முதலிடம் அதற்குத்தான்.

சீட் பிரச்சினை ஒருவாறு தீர்ந்தது. இப்போது புதிய தடை ஒன்று டேஷ்போர்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது. பல கார்களில் ஏ.சி.யைக் குறைக்கவும் திரையைத் தொட வேண்டும்; சில கார்களில் வைப்பரை வேகப்படுத்தவும் திரையைத் தொட வேண்டும். நடுங்கும் விரலுக்கு, அருகில் இருப்பது மங்கித் தெரியும் கண்ணுக்கு, ஓடும் காரில் அது எவ்வளவு ஆபத்து! ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் யூரோ என்கேப் அமைப்பு 2026 முதல் இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன், அபாய விளக்கு ஆகியவற்றுக்குக் கையால் தொட்டறியக்கூடிய பொத்தானோ நெம்புகோலோ இல்லாவிட்டால் முழு நட்சத்திர மதிப்பெண் கிடையாது என்று அறிவித்திருக்கிறது. வரவேற்க வேண்டிய முடிவு. நம் நாட்டுச் சோதனை விதிகளிலும் இது வர வேண்டும்.

அதற்குள் இங்கிருக்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். அப்பா அம்மாவுக்குக் கார் வாங்கப் போகும்போது அவர்களைக் கூடவே அழைத்துப் போங்கள். விலையைப் பேசுவதற்கு முன் அம்மாவை நான்கு முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். அப்பாவை ஓட்டுநர் சீட்டில் உட்காரவைத்து, ஸ்டியரிங்குக்கும் அவர் மார்புக்கும் இடையே இருபத்தைந்து சென்டிமீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். ஏர்பேக் விரிய அவ்வளவு இடம் வேண்டும். பிரேக்கிலிருந்து ஆக்ஸிலேட்டருக்குக் குனிந்து பார்க்காமல் காலை மாற்றச் சொல்லுங்கள். விற்பனையாளர் அவசரப்படுத்தினால், அடுத்த கடைக்குப் போங்கள்.